அக்காவை 'அப்பா' என்று கூப்பிட்டதற்குச் சிரித்த பையன்: ஐந்தரை வயதுக்கு இரக்கத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

அவிநாசிக்காரி:

எல்லோருக்கும் வணக்கமுங்க. இத்தனை நாள் இங்கே படிப்பதோடு சரி, முதல் தடவையாக ஒரு கேள்வி கேட்கிறேன். என் பையனுக்கு ஐந்தரை வயது, யூகேஜி படிக்கிறான். எங்கள் வீட்டுக்குப் பின்னால் மாமனார் கட்டி வாடகைக்கு விட்ட ஆறு லைன் வீடுகள் இருக்கின்றன, எல்லாவற்றிலும் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள்தான். கடைசி வீட்டுக்கு ஆறு மாதத்துக்கு முன்னால் ஒடிசாவிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. இரண்டு பெண் குழந்தைகள், பெரியதுக்கு ஒன்பது வயதிருக்கும், சின்னது என் பையன் வயது.

எங்கள் வாசலில் வேப்பமரத்தில் ஒரு ஊஞ்சல் கட்டியிருக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை அந்தச் சின்னப் பிள்ளை ஊஞ்சலுக்கு வந்தது. இவனும் பக்கத்து வீட்டுப் பசங்க இரண்டு பேரும் அதைச் சுற்றி நின்றுகொண்டு "இந்திக்காரி, இந்திக்காரி, அக்காளப் போயி அப்பாங்குது" என்று பாட்டாகவே பாடிச் சிரிக்கிறார்கள். அது தன் அக்காவைக் கூப்பிட்டிருக்கிறது, எனக்கும் 'அப்பா' என்றுதான் காதில் விழுந்தது. அந்தப் பிள்ளை அழவில்லை. கயிற்றை விட்டுவிட்டு மெதுவாகச் சுவரோரமாக நடந்து வீட்டுக்குள் போய்விட்டது. அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது.

இவனை இழுத்துக்கொண்டு போய் அந்த வீட்டு வாசலில் நிறுத்தி "சாரி சொல்லு" என்றேன். "சாரீஈஈ" என்று இளித்துக்கொண்டே சொன்னான். பொடனியில் ஒன்று வைத்தேன், ஓவென்று அழுதான், மாமியார் ஓடிவந்து தூக்கிக்கொண்டார், அதோடு அந்தப் பிள்ளையை எல்லோரும் மறந்துவிட்டோம்.

எனக்குப் புரியாதது என்னவென்றால் இவன் கல்நெஞ்சுக்காரன் இல்லை. அப்புச்சி (என் அப்பா) தோட்டத்தில் கன்றை அவிழ்த்து விடுவதற்குக் கொஞ்சம் நேரமானால் போதும், "பாவம் அப்புச்சி, அதுக்கு வயிறு பசிக்குமல்ல" என்று கட்டுத்தறியை விட்டு நகர மாட்டான். எறும்பை மிதிக்க விடமாட்டான். கன்றுக்குட்டிக்கு இளகுகிறவனுக்கு அந்தப் பிள்ளையைப் பார்த்து ஏன் ஒன்றும் தோன்றவில்லை? கதை சொல்வதா, அடிப்பதா, நல்லது செய்தால் சார்ட்டில் ஸ்டார் ஒட்டுவதா? வீட்டுக்காரர் "சின்னப் பசங்க, விடு" என்கிறார். எனக்குத்தான் விட முடியவில்லை.

ஒன்றியப் பள்ளி டீச்சர்:

அம்மிணி, முதலில் ஒரு விஷயம். ஒடியாவில் அக்காவை 'அபா' என்று கூப்பிடுவார்கள். அந்தப் பிள்ளை சரியாகத்தான் கூப்பிட்டிருக்கிறது, நம் காதுக்கு அது அப்பா. அப்புறம் அவர்கள் வீட்டில் பேசுவது இந்தியும் இல்லை. வடக்கிலிருந்து யார் வந்தாலும் நாம் வைத்திருக்கிற ஒரே பேர் அது.

பெரியவர்கள் நாமே இப்படிச் சிரித்தவர்கள்தான், சிரிக்கப்பட்டவர்களும்தான். நான் சென்னையில் ஹாஸ்டலில் சேர்ந்த புதிதில் "எங்க அப்பாரு செத்துப்போயிட்டாரு, ஊருக்குப் போகணும்" என்று அழுதுகொண்டு நின்றபோது, அப்பாவே போய்விட்டார் என்று நினைத்து எல்லோரும் கூடிவிட்டார்கள். தாத்தாவைத்தான் அப்பாரு என்கிறோம் என்று தெரிந்ததும் ஒருத்தி சிரித்தாள் பாருங்கள், நாற்பது வருஷம் ஆகியும் அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. இந்த மாதிரி உங்களுக்கும் ஏதாவது நடந்திருக்கும். அதைப் பையனிடம் சொல்லுங்கள். "நீயும் அப்புச்சிங்கற, சென்னையில போயி அப்படிக் கூப்பிட்டா அங்கயும் சிரிப்பாங்க, அப்ப உனக்கு எப்படி இருக்கும்?" என்று கேளுங்கள். ராஜா, நரி கதையை விட அம்மா அழுத கதைக்குப் பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு உட்காருவார்கள்.

சாரி விஷயம். ஐந்து வயதில் சாரி என்பது கேட் பாஸ் மாதிரி, சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று தெரிந்து வைத்திருப்பார்கள். என் வகுப்பில் நான் சாரி கேட்கச் சொல்வதே இல்லை. ஒருத்தன் இன்னொருத்தனின் தண்ணீர் பாட்டிலைத் தட்டிவிட்டால் அவனே போய் நிரப்பிக்கொண்டு வரவேண்டும். கிறுக்கினால் அழித்துக் கொடுக்கவேண்டும். உங்கள் பையன் கெடுத்தது அந்தப் பிள்ளையின் ஊஞ்சல் நேரத்தை. அதை அவன்தான் திருப்பிக் கொடுக்கவேண்டும், கூட்டிக்கொண்டு வந்து, உட்கார வைத்து, பத்து ஆட்டு ஆட்டிவிட்டு. உடனே செய்வான் என்று எதிர்பார்க்காதீர்கள், கோபமெல்லாம் ஆறின பிறகு. அடித்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள், அவன் தன் பொடனியைத்தான் நினைத்தான், அந்தப் பிள்ளையை நினைக்க அவனுக்கு நேரமே இல்லை.

எங்கள் பள்ளியிலும் இப்போது மூன்றில் ஒரு பங்கு வெளிமாநிலப் பிள்ளைகள். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எங்களுக்கு வந்தது. அதற்குப் பிறகு ஒரு சின்ன வித்தியாசத்தைப் பார்த்தேன். தட்டு எடுத்து வைக்கிறது, தண்ணீர் ஊற்றுகிறது எல்லாம் ஜோடி ஜோடியாகச் செய்யச் சொன்னேன், தமிழ் தெரிந்த ஒன்று, தெரியாத ஒன்று. கிச்சடி வாளியை இரண்டு பேர் பிடித்துத் தூக்கும்போது பேர் தெரியாமல் எப்படித் தூக்குவது? இரண்டே வாரத்தில் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். "அவளோடு விளையாடு" என்று தள்ளிவிடாமல் இரண்டுக்கும் சேர்த்து ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள்.

மருதமலை அடிவாரம்:

ஸ்டார் ஒட்டுவது வேண்டாமுங்க. 2006ல் வார்னெக்கென், டொமாசெல்லோ என்று இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒன்றரை வயதுக் குழந்தைகளை வைத்துச் செய்த சோதனை ரொம்பப் பிரபலம். பெரியவர் ஒருவர் துணி காயப்போடும்போது கிளிப்பைத் தவறவிட்டு எட்டாமல் கை நீட்டுவார், கை நிறையப் புத்தகத்தோடு வந்து அலமாரியைத் திறக்க முடியாமல் முட்டுவார். யாரும் சொல்லாமலே பெரும்பாலான குழந்தைகள் போய் உதவின. 2008ல் இன்னொன்று செய்தார்கள். உதவுகிற ஒவ்வொரு தடவையும் சில குழந்தைகளுக்கு விளையாட ஒரு பொருள் கொடுத்தார்கள். அப்புறம் கொடுப்பதை நிறுத்தியதும் அந்தக் குழந்தைகள் உதவுவது குறைந்துவிட்டது. ஒன்றுமே வாங்காத குழந்தைகள் பாட்டுக்கு உதவிக்கொண்டே இருந்தன. என் அக்கா வீட்டில் ஸ்டார் சார்ட் வைத்த கதை தனி. தங்கச்சிக்கு பிஸ்கட் கொடுத்துவிட்டு "எழுதிக்கோம்மா" என்று நிற்பான், கடைக்காரர் கணக்கு நோட்டு மாதிரி.

வயதையும் பாருங்கள். எல்லோர் வீட்டிலும் ஊசி நூல் போட்டு வைத்த பிஸ்கட் டப்பா ஒன்று இருக்குமே, அதை ஒரு மூன்று வயதுக் குழந்தைக்குத் திறந்து காட்டிவிட்டு மூடி, "இப்ப அப்பா வந்து பார்த்தா உள்ள என்ன இருக்குன்னு நினைப்பாரு?" என்று கேட்டால் அநேகமாக "நூலு" என்று சொல்லும். தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிற வயது. நான்கு, ஐந்தில்தான் "பிஸ்கட்டுன்னு நினைப்பாரு" என்ற பதில் வருகிறது. உங்கள் பையன் அடுத்தவர் மனசுக்குள் எட்டிப்பார்க்க இப்போதுதான் பழகுகிறான். எட்டிப்பார்க்கத் தெரிந்த புதிதில் கேலியும் நன்றாக வரும், எங்கே குத்தினால் வலிக்கும் என்று தெரிகிறதல்லவா.

பல்லடத்தான்:

எல்லோரும் நன்றாகத்தான் சொல்கிறீர்கள், ஆனால் ஒன்று. என் மகளை "விட்டுக்கொடு சாமி, பாவம் சாமி" என்றே வளர்த்தோம். பள்ளிக்கூட வேனில் ஒரு பையன் தினமும் கடித்திருக்கிறான், கையில் தழும்போடு வருவாள், கேட்டால் "அவனும் பாவம்ப்பா" என்கிறாள். இந்தக் காலத்தில் ரொம்ப நல்லவளாக வளர்த்தால் நாளைக்கு பஸ்ஸில், கம்பெனியில் என்ன செய்வாள்? திருப்பிக் கொடுக்கக் கற்றுக்கொடுத்த பிறகு இதெல்லாம் பேசலாம்.

ஒன்றியப் பள்ளி டீச்சர்:

கடிபட்டுக்கொண்டு உட்கார் என்று நான் சொல்லவில்லையே தம்பி. "கடிக்காதே" என்று வேனே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தவும், டிரைவர் அண்ணனிடம் போய்ச் சொல்லவும் கற்றுக்கொடுங்கள். பாவம் பார்க்கிற பட்டியலில் அவளும் ஒரு ஆள்தானே, அதைச் சொல்ல மறந்துவிட்டீர்கள் போல. அப்புறம் இது பெண் பிள்ளைகளிடம் கொஞ்சம் எச்சாகவே நடக்கிறது. பையனிடம் யாரும் "விட்டுக்கொடு சாமி" என்று தினமும் சொல்வதில்லை.

தடப்பள்ளிக்கரை:

நான் கோபிப் பக்கம். வயது எழுபதைத் தாண்டிவிட்டது, பேத்திதான் இந்தத் தளத்தைக் காட்டிக்கொடுத்தாள், டைப் அடிக்க நேரமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கன்றுக்குட்டிக்கு இளகுகிறவன் ஏன் அந்தப் பிள்ளைக்கு இளகவில்லை என்று கேட்டிருந்தீர்கள், அதைப் படித்துவிட்டு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் தோட்டத்தில் பண்ணையத்து ஆள் ஒருவர் இருந்தார், எங்கள் அப்பாவுக்கும் மூத்தவர். கொடிவேரி அணைக்கு என்னைத் தோளில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு போவார், மீன் பிடித்துக் காட்டுவார். என்னைச் "சின்னக் கவுண்டரே" என்பார். நான் ஆறு வயதுப் பையன், தோளில் உட்கார்ந்துகொண்டே அவரை "டேய்" என்று பேர் சொல்லிக் கூப்பிடுவேன். காலையில் எங்கள் ஆத்தா அவருக்குக் காப்பியைத் தேங்காய்த் தொட்டியில் உயரத்திலிருந்து ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டுதான் நான் டம்ளரில் பால் குடிப்பேன். ஆத்தா கெட்டவர் இல்லை. எங்கள் செவலைப் பசு செத்தபோது இரண்டு நாள் சோறு தின்னவில்லை.

வெளியூர்க்காரர்கள் நம் பேச்சைக் கேட்டு, கொங்கு நாட்டில் மரியாதை சொட்டுகிறது என்பார்கள், ஏனுங்க, வாங்க, சரிங்க என்று. எனக்கு அதைக் கேட்டால் கூச்சமாக இருக்கும். யாருக்கு 'ங்க' போடவேண்டும், யாருக்கு 'டா' போடவேண்டும் என்பது நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே எனக்கு அத்துப்படி. "அவனை டேய் என்று சொல்" என்று எங்கள் வீட்டில் யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன், அவ்வளவுதான். அவர் செத்தபோது நான் கோயமுத்தூரில் வேலையில் இருந்தேன், போகவில்லை. போயிருக்கலாம்.

உங்கள் பையனுக்கு இரக்கம் இருக்கிறது அம்மிணி, அது பிறக்கும்போதே வந்தது, அந்தத் தம்பி எழுதியிருக்கிற ஒன்றரை வயதுக் குழந்தைகள் மாதிரி. அதை யாருக்குச் செலவழிக்கலாம், யாருக்குக் கூடாது என்பதை அவன் எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கிறான். குறை சொல்வதற்காக எழுதவில்லை. அந்த லைன் வீட்டுக்காரர்களை உங்கள் வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிடுகிறீர்கள் என்று மட்டும் ஒரு நாள் கவனித்துப் பாருங்கள்.

அவிநாசிக்காரி:

பதினைந்து நாள் கழித்து வருகிறேன், நடுவில் பட்டிப் பொங்கல் வேலை. அய்யா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. அடுத்த நாள் காலையில் மேல்தொட்டி நிறைந்து தண்ணீர் வழிந்தது. ஜன்னல் வழியாக "ஏய், இந்திக்காரம்மா, மோட்டாரை ஆஃப் பண்ணு" என்று கத்தினேன். கத்தி முடித்துத் திரும்பினால் இவன் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் நிற்கிறான். ஆறு மாதமாக மாசம் தவறாமல் வாடகை வாங்குகிறேன், அந்த அம்மாவின் பேர் எனக்குத் தெரியாது.

அன்றைக்கே போய்க் கேட்டேன். பேரை இங்கே எழுதவில்லை, எனக்கு மூன்று தடவை சொல்லியும் வாயில் நுழையவில்லை, அவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பையனிடம் என் கதையைச் சொன்னேன், ஈரோட்டில் வேலை பார்த்தபோது என் இங்கிலீஷைக் கேட்டு மேனேஜர் சிரித்தது, நான் பாத்ரூமில் போய் அழுதது. "அப்புறம் என்னாச்சு, அப்புறம் என்னாச்சு" என்று மூன்று நாள் அதையே கேட்டான். அந்த மேனேஜரை அடிக்கப் போகிறானாம்.

பொங்கலுக்கு முதல் நாள் கோலப்பொடி கலக்கும் வேலையை இரண்டுக்கும் சேர்த்துக் கொடுத்தேன். வாசலெல்லாம் பச்சையும் சிவப்பும். இப்போது அந்தப் பெரிய பெண்ணை இவனும் 'அபா' என்றுதான் கூப்பிடுகிறான். வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று திரும்பிப் பார்க்கிறார். பக்கத்து வீட்டுப் பசங்க இன்னும் 'இந்திக்காரி'தான். இவன் ஒரு தடவை "அது இந்தி இல்ல, ஒடியா" என்று திருத்தினான், அது கூடப் போதாது என்று தெரியும், இருந்தாலும் உள்ளே சந்தோஷமாகத்தான் இருந்தது.

நேற்று ஊஞ்சலுக்கு அவனும் அந்தச் சின்னதும் முடியைப் பிடித்துக்கொண்டு சண்டை. யார் முதலில் என்றுதான். இந்தத் தடவை பேரைச் சொல்லித் திட்டினான், அதுவும் இவன் பேரைச் சொல்லி ஒடியாவில் என்னமோ திட்டியது. டீச்சர் சொன்ன மாதிரி நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன் (சொன்னீர்களா இல்லையா, எனக்கு அப்படித்தான் படித்த ஞாபகம்). கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது.

அந்தப் பிள்ளை சமையலறை வரைக்கும் வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனதிலிருந்து மாமியார் என்னிடம் பேசவில்லை. அதை வேறு இழையில் கேட்கிறேனுங்க, இதை விடப் பெரிய கேள்வி அது.