ஸ்பீடோமீட்டர் முள் படுத்துவிடுகிறது: கியர்பாக்ஸ் ஸ்பீடு சென்சாரை நானே மாற்றலாமா?

சங்ககிரி வண்டி:
2008 மாடல் பெட்ரோல் கார், மேனுவல் கியர். இரண்டு வாரமாக ஒரு தொல்லை. அறுபதில் போகும்போது ஸ்பீடோமீட்டர் முள் பொத்தென்று பூஜ்யத்துக்கு விழுகிறது. வேகத்தடை ஏறி இறங்கினால் தானாக எழுந்துகொள்கிறது. முள் படுத்திருக்கும் நேரத்தில் கிலோமீட்டரும் ஓடுவதில்லை. சிக்னலில் கிளட்சை மிதித்தால் இன்ஜின் அணைந்துபோகிறது. ஸ்கேனரில் பி0500 (வண்டி வேகத்தைச் சொல்லும் சென்சாரில் கோளாறு என்ற கோடு) வந்தது. பார்த்தவர் மீட்டர் போர்டையே மாற்றச் சொல்கிறார். எனக்கென்னவோ மனசு ஒப்பவில்லை.

பழைய ஸ்பேனர்:
போர்டில் இப்போது கைவைக்காதீர்கள் சார். வேகத்தடையில் ஆடியதும் உயிர் வருகிறது என்றால் ஒயர் அல்லது கிளிப் மேல்தான் எனக்கு முதல் சந்தேகம். ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றினால், பெரும்பாலான சின்ன கார்களில் கியர்பாக்ஸ் மேல் சென்சார் தெரியும். கிளிப்பைப் பிடுங்கி, பின்களில் பச்சை பூத்திருக்கிறதா, எலி ஒயரைக் கடித்திருக்கிறதா பாருங்கள்.

மூன்று ஒயர் இருந்தால் அநேகமாக ஹால் வகை, அதாவது காந்தப்புலத்தை உணர்ந்து சிக்னல் தருவது. ஒன்று சப்ளை, ஒன்று எர்த், ஒன்று சிக்னல். பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கி, நியூட்ரலில் வையுங்கள். கிளிப்பை மாட்டியபடியே பின்பக்கமாக மல்டிமீட்டர் முனையைச் செருகி, இக்னிஷனை ஆன் செய்து சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினால் சிக்னல் ஒயரில் வோல்ட் ஏறி இறங்க வேண்டும். சப்ளையும் எர்த்தும் சரியாக இருந்தும் சிக்னல் அசையவில்லை என்றால் சென்சாரை மாற்றுங்கள்.

கழற்றுமுன் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிடுங்கள், உள்ளே விழுந்தால் வினை. பெரும்பாலும் ஒரே ஒரு 10 நம்பர் போல்ட்தான். இறுகியிருந்தால் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள், பிளாஸ்டிக் காது உடையும் (எனக்கு உடைந்தது). துரு ஸ்ப்ரே அடித்து, டீ குடித்துவிட்டு வந்து, இடதும் வலதுமாகத் திருகி எடுங்கள். நுனியில் பிளாஸ்டிக் கியர் இருந்தால் பழசிலும் புதுசிலும் பல்லை எண்ணுங்கள். எண்ணிக்கை மாறினால் மீட்டர் பொய் சொல்லும்.

மல்டிமீட்டர்:
சென்சாரின் ஓ-ரிங்குக்கு (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) துளி கியர் ஆயில் தடவுங்கள். போல்ட்டை ரொம்ப முறுக்க வேண்டாம், கியர்பாக்ஸ் உறை அலுமினியம், மரை போய்விடும். ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் கவனிக்க: பலவற்றில் இன்புட், அவுட்புட் என இரண்டு சென்சார் உண்டு. ஸ்கேனரில் பி0715 வந்தால் இன்புட், பி0720 வந்தால் அவுட்புட். மாற்றிக் கழற்றினால் வேலை இரட்டிப்பு.

சங்ககிரி வண்டி:
ஞாயிறு காலை உட்கார்ந்தேன். ஒரு பின் பச்சையாகத்தான் இருந்தது. சுத்தம் செய்தும் வோல்ட் அசையவில்லை. சென்சாரை வெளியே எடுத்து கியரை விரலால் சுற்றினால் நறநறவென்று மாட்டிக்கொள்கிறது. இரண்டிலும் ஒரே எண்ணிக்கைப் பல் என்று பார்த்துவிட்டுப் புதுசைப் போட்டேன். ஈரோடு வரை போய் வந்தாயிற்று, முள் விழவில்லை, சிக்னலிலும் அணையவில்லை. மீட்டரில் ஏறாத கிலோமீட்டருக்காக ஆயில் மாற்றும் கணக்கில் உத்தேசமாக 300 கூட்டி எழுதிவைத்திருக்கிறேன்.