மந்திரவாதியைக் கையில் பிடித்தும் அடக்க முடியவில்லை, வழி சொல்லுங்கள்

கோட்டைமான்:

வணக்கம். திருகோணமலையில் இருந்து எழுதுகிறேன். ஞாயிறு பின்னேரங்களில் உவர்மலையில் ஒரு நண்பன் வீட்டு விறாந்தையில் பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம். 2014 விதிப்புத்தகம் (ஐந்தாம் பதிப்பு), எல்லோரும் லெவல் 5. நான் ஃபைட்டர் (வாள்வீரன்), மச்சான் ரோக் (ஒளிந்து தாக்குபவன்), இன்னொருவன் ரேஞ்சர் (வில்லாளி), என் தங்கச்சி கிளெரிக் (பூசாரி). எங்கள் பக்கம் மந்திரவாதி கிடையாது.

டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துபவர், போன மாதம் மேஜ் என்ற எதிரி மந்திரவாதியைக் கொண்டுவந்தார். களம் கோணேசர் கோயிலடி மாதிரியே, கடலுக்கு மேலே மலை, நடுவில் இராவணன் வெட்டு போல 15 அடி அகலத்தில் ஒரு பிளவு, பிளவுக்கு அந்தப் பக்கம் அவன் நிற்கிறான். கணக்குக் கொப்பித் தாளில் கீறிய வரைபடம், ஒரு சதுரம் 5 அடி. நாங்கள் புளியங்கொட்டை, அவன் டச்பே கடற்கரையில் பொறுக்கிய ஒரு சோகி. கச்சான் காற்றுக்குத் தாள் பறக்காமல் நாலு மூலையிலும் பிளேன்டீ கோப்பை.

முதல் தடவை நாலு பேரும் படிக்கட்டில் ஒட்டி நின்றோம், ஒரே ஃபயர்பால் (வெடிக்கும் நெருப்புக்குண்டு), 31 டேமேஜ், தங்கச்சியும் ரோக்கும் விழுந்துவிட்டார்கள். இரண்டாவது தடவை ரோக் கஷ்டப்பட்டுச் சுற்றிப்போய்ப் பக்கத்தில் நின்றான், மந்திரவாதி மிஸ்டி ஸ்டெப் போட்டு நொடியில் மறைந்து 30 அடி தள்ளிப் போய்விட்டான். ரேஞ்சர் அம்பு விட்டால் ஷீல்ட் என்ற தடுப்பு மந்திரம். தங்கச்சி ஸ்பெல் போட்டால் அதை முறிக்கும் கவுன்டர்ஸ்பெல். கடைசியில் நான் ஓடிப்போய் அவனை இறுக்கிப் பிடித்தேன், அப்போதும் மிஸ்டி ஸ்டெப்! பிடித்தால் மந்திரம் சொல்ல முடியாது என்றுதான் நினைத்திருந்தேன், விதியில் அப்படி ஒன்றும் இல்லை என்று டிஎம் புத்தகத்தைத் திறந்து காட்டினார். அவர் சொன்னது சரிதான். ஆனால் எங்களைப் போன்ற ஆட்கள் இவனை என்னதான் செய்வது?

பழையபகடை:

தம்பி, இறுக்கிப் பிடித்து கிராப்பிள் பண்ணினால் அவன் வேகம் பூச்சியமாகும், அவ்வளவுதான். வாயும் கையும் கட்டில்லாமல்தான் இருக்கும். அதனால் முதலில் வாயை அடைக்க வேண்டும், பிறகுதான் பிடிக்க வேண்டும்.

உங்கள் தங்கச்சியிடம் சத்தத்தையே அடக்கும் சைலன்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். கிளெரிக்குக்கு இரண்டாம் லெவல் ஸ்பெல், 20 அடி ஆரம், 120 அடி தூரத்திலிருந்து போடலாம். கவுன்டர்ஸ்பெல் 60 அடிக்குள்தான் எட்டும். அவர் 14 சதுரம் தள்ளி நின்று போட்டால் அவனால் தடுக்கவே முடியாது. அந்த வட்டத்துக்குள் மிஸ்டி ஸ்டெப் வேலை செய்யாது, ஏனென்றால் அது முழுக்க வாயால் சொல்லும் மந்திரம். ஷீல்டுக்கும் வாய் வேண்டும். ஃபயர்பாலும் அப்படித்தான். ஒன்றை மட்டும் கவனியுங்கள், கவுன்டர்ஸ்பெல் கைச்சைகையால் மட்டும் போடுவது, அதனால் சத்தமே இல்லாத இடத்திலும் அது வரும். நிறையப் பேர் இதை மறந்து மாட்டிக்கொள்வார்கள்.

ஷீல்ட் பற்றி இன்னொன்று. அது ஆர்மர் கிளாஸை, அதாவது அடி படாமல் காக்கும் எண்ணை, கூட்டி அம்பையும் வாளையும் தடுக்கும். கிராப்பிள் என்பது உங்கள் பலத்துக்கும் அவன் பலத்துக்கும் அல்லது லாவகத்துக்கும் நடக்கும் போட்டி, ஆர்மர் கிளாஸ் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. புத்தகத்தில் உள்ள மேஜுக்குப் பலம் 9. ஃபைட்டர் கை வைத்தால் அவன் தப்புவது கடினம்.

பிளவைத் தாண்டவும் சுற்றிப்போக வேண்டாம். 10 அடி ஓடிவந்து பாய்ந்தால் உங்கள் பலம் எத்தனையோ அத்தனை அடி பாயலாம். பலம் 15 இருந்தால் போதும்.

வாடைக்காற்று:

சைலன்ஸ் நல்லதுதான், ஆனால் அது இல்லாத நாளிலும் ஜெயிக்கத் தெரிய வேண்டும். அடுத்தவர் செயலுக்கு உடனே பதில் கொடுக்க அவனுக்கு ஒரு சுற்றுக்கு ஒரு ரியாக்‌ஷன்தான். ஷீல்டும் அதிலிருந்துதான், கவுன்டர்ஸ்பெல்லும் அதிலிருந்துதான். நீங்கள் சொன்னதைப் பார்த்தால் ரேஞ்சர் ஒரு சுற்றில், கிளெரிக் அடுத்த சுற்றில் என்று தனித்தனியாக அடித்திருக்கிறீர்கள், அவனும் ஒவ்வொரு தடவையும் சாவகாசமாகத் தடுத்திருக்கிறான். ஒரே சுற்றில் ரேஞ்சர் முதலில் அடிக்கட்டும். அவன் ஷீல்ட் போட்டால் கிளெரிக்குக்கு வழி திறந்துவிட்டது. போடவில்லையா, அம்பு ஏறிவிட்டது. அவனிடம் இருப்பதே 40 ஹிட் பாயின்ட் (உயிர்), நாலைந்து நல்ல அடி.

அப்புறம் மிஸ்டி ஸ்டெப் போட வைத்ததைத் தோல்வி என்று நினைக்காதீர்கள். அது போனஸ் ஆக்‌ஷன் ஸ்பெல். அதாவது வழக்கமான செயலுக்கு மேலதிகமாகச் செய்வது. அதே டர்னில் ஆக்‌ஷனால் அவன் கான்ட்ரிப் என்ற சின்ன மந்திரம் மட்டும்தான் போடலாம், ஃபயர்பால் கிடையாது. ரோக் பக்கத்தில் போய் நின்றதாலேயே ஒரு ஃபயர்பாலைத் தடுத்துவிட்டான்! இதை உங்கள் டிஎம் கவனித்தாரா என்று கேட்டுப்பாருங்கள்.

அவன் ஃப்ளை போட்டுப் பறந்து பிளவுக்கு மேலே நின்றானென்றால் சின்னச் சின்ன அடியாக நிறைய அடியுங்கள். மந்திரம் நீடிக்கத் தேவையான கவனம்தான் கான்சன்ட்ரேஷன். அடி படும்போது அதைக் காப்பாற்ற அவன் இருபதுபக்கப் பகடையில் 10 எடுக்க வேண்டும், அல்லது டேமேஜில் பாதி, எது பெரிதோ அது. 16 டேமேஜ் ஒரே அடி என்றால் ஒரு உருட்டல். எட்டெட்டாக இரண்டு அடி என்றால் இரண்டு உருட்டல், இரண்டுக்கும் 10தான். கூட்டுவதற்கு அவனிடம் ஒன்றும் இல்லை, அதனால் இரண்டில் ஒன்றாவது தவறும் வாய்ப்பு நூற்றுக்கு 70 அளவில் இருக்கிறது. தவறினால் விழுவான், 10 அடிக்கு ஒரு ஆறுபக்கப் பகடை.

கடல்மீன்:

நான் வேறு மாதிரிச் சொல்வேன். பாறைக்குப் பின்னால் ஒளிந்திருந்து அவன் ஸ்லாட், அதாவது மந்திரம் போடும் வாய்ப்புகள், முடியும்வரை இழுத்தடியுங்கள். வில்லை ரெடி பண்ணி வைத்து, அவன் வாயைத் திறந்ததும் அடித்தால் மந்திரம் கலைந்துவிடும்.

பழையபகடை:

அது 3.5 பதிப்புக் காலத்து விதி, நானும் அப்படித்தான் பழகினேன். அப்போது ரெடி பண்ணிய அடி மந்திரத்துக்கு முன்னால் விழும், அவன் கான்சன்ட்ரேஷன் செக் எடுக்க வேண்டும். ஐந்தாம் பதிப்பில் காரணமான செயல் முடிந்த பிறகுதான் உங்கள் அடி விழும். ஃபயர்பால் வெடித்த பிறகு அம்பு விட்டு என்ன பயன்? ஸ்லாட்டையும் நம்ப வேண்டாம், மூன்றாம் லெவலில் 3, நாலாமில் 3, ஐந்தாமில் 1. எல்லாவற்றிலும் ஃபயர்பால் போடலாம், ஏழு தாங்குவீர்களா? பாறையின் பின்னால் நிற்பது மட்டும் நல்ல யோசனை, அவன் வெளியே தலை காட்டும்போது அடிப்பதற்கு ரெடி பண்ணுங்கள்.

நிற்கும் இடைவெளிதான் முதல் பாடம். ஃபயர்பாலின் குறுக்களவு 40 அடி. ஒருவருக்கொருவர் 9 சதுரம் விட்டு நின்றால் இரண்டு பேரை ஒன்றாகப் பிடிக்க முடியாது. தங்கச்சி ஒரு தூணுக்குப் பின்னால் இருக்கட்டும், ஏனென்றால் சைலன்ஸும் கான்சன்ட்ரேஷன்தான். அவரை அடித்துக் கலைக்கத்தான் அவன் முதலில் பார்ப்பான்.

கோட்டைமான்:

அண்ணா, அக்கா, எல்லோருக்கும் நன்றி. நேற்று விளையாடினோம்.

தங்கச்சி 14 சதுரம் தள்ளிக் கோயில் தூணடியில் நின்று சைலன்ஸ் போட்டாள். டிஎம் கவுன்டர்ஸ்பெல் என்று வாயெடுத்துவிட்டு, சதுரங்களை விரலால் எண்ணிப் பார்த்துப் பேசாமல் இருந்தார். நான் பாய்ந்து அந்தப் பக்கம் போய்விட்டேன், ஆனால் கை எட்டவில்லை. அவன் 25 அடி நடந்து வட்டத்துக்கு வெளியே வந்து தங்கச்சிக்கு ஃபயர்பால் விட்டான். தூண் இருந்ததால் சேவ் (தப்பும் உருட்டல்) பாஸ், 13 டேமேஜ், கான்சன்ட்ரேஷனுக்கு 10 வேண்டும். பகடை 8 காட்டியது. அவளுக்கு கான்ஸ்டிடியூஷன் (உடலுறுதி) +2. சரியாகப் பத்து. விறாந்தை முழுக்கக் கத்தினோம், அம்மா உள்ளே இருந்து ஓடிவந்தார்.

பிறகு நான் 2 சதுரம் நடந்து அவனைப் பிடித்து, திரும்ப சைலன்ஸுக்குள் 2 சதுரம் இழுத்தேன். இழுப்பது அரை வேகம், அதனால் 10 அடியும் 20 அடியும் சேர்த்து என் 30 அடி அப்படியே சரி. ஆக்‌ஷன் சர்ஜ் போட்டுக் கூடுதல் செயல் எடுத்து மிச்ச மூன்று வெட்டு, இரண்டு பட்டது. அவன் உதறப் பார்த்தான், முடியவில்லை. ரோக் வந்து முதுகில் ஸ்னீக் அட்டாக்.

சோகியை டிஎம் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டார். இப்போது அது அவளுடைய பகடைப் பைக்குள் இருக்கிறது.