பிசிஆர் இயந்திரம் வந்திட்டுது, செய்முறை வகுப்புக்குள்ளை எப்படிக் கொண்டுவாறது?

குளக்கட்டு:
வன்னியிலை இரண்டாம் வருட உயிரியல் செய்முறைக்கு டெமோன்ஸ்ட்ரேட்டரா நிக்கிறன். இவ்வளவு நாளும் வெங்காயத் தோலும் பழைய சிலைட்டுகளும்தான். இப்ப டிஎன்ஏயைப் படியெடுத்துப் பெருக்கிற 96 குழி பிசிஆர் இயந்திரம் ஒண்டு வந்திருக்கு. ஆராய்ச்சிக்கெண்டு பூட்டிவைக்க எனக்கு மனமில்லை. 40 பிள்ளையளும் தங்கடை கையாலை செய்யோணும். எதிலை தொடங்கலாம்?

முல்லைமண்:
இரணைமடுத் தண்ணி, வயல் மண் எண்டு ஆளுக்கொரு மாதிரி கொண்டுவரச் சொல்லுங்கோ. எல்லாப் பற்றீரியாவிலையும் இருக்கிற 16எஸ் மரபணுவைப் பெருக்கி, டிஎன்ஏயை நீளப்படி பிரிக்கிற ஜெல்லிலை ஓட்டினால் 1500 கார இணை (டிஎன்ஏ நீளத்தின்ரை அலகு) அளவிலை பட்டை தெரியும். டிஎன்ஏ போடாத கட்டுப்பாட்டுக் குழாய் கட்டாயம். அதிலையும் பட்டை வந்தால் ஏனெண்டு பிள்ளையளே தேடட்டும், உண்மையான ஆராய்ச்சி அங்கைதான் தொடங்கும்.

பாலைப்பழம்:
முதல் கிழமை வெறும் தண்ணிதான், தம்பி. துளியளவை அளந்தெடுக்கிற மைக்ரோபைப்பெட்டாலை 100 மைக்ரோலீற்றர் எடுத்துத் தராசிலை வைச்சால் 0.1 கிராம் காட்டோணும். கை பழகாமல் டிஎன்ஏயைப் பெருக்கிற நொதியத்தைக் குடுத்தால் காசு வீண். நொதியம் −20 பாகையிலை இருக்கவேணும், கரண்ட் போற நேரத்துக்கு ஜெனரேற்றர் இருக்கோ? ஜெல்லிலை பட்டையைக் காட்டுற எத்திடியம் புரோமைட் சாயம் எங்கடை டிஎன்ஏயோடையும் ஒட்டுற சாமான், பிள்ளையளுக்கு வேண்டாம். பாதுகாப்பான சாயம் எடுங்கோ.

குளக்கட்டு:
நன்றி அக்கா. ஜெனரேற்றர் இருக்கு. திங்கள் தராசோடை தொடங்கிறன்.