இன்டர்ஃபேஸ் அப், ஆனால் லைன் செத்துவிட்டது: ரவுட்டருக்கு எப்படித் தெரிய வைப்பது?

கேள்வி:
வணக்கம். எங்கள் இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே சேவை நிறுவனம் கொடுத்த ஈதர்நெட் லைன் ஒன்று ஓடுகிறது. இரு முனையிலும் ரவுட்டர், மேலே ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று பாதைகளைச் சொல்லிக்கொள்ளும் ரவுட்டிங் புரோட்டோகால்). மாற்று லைனும் தயாராக இருக்கிறது. போன வாரம் நடுவில் எங்கேயோ ஃபைபர் அறுந்தது. எங்கள் ரவுட்டர்கள் இரண்டும் இன்டர்ஃபேஸ் அப், அதாவது இணைப்பு உயிரோடு இருக்கிறது என்றே காட்டின. நெய்பர், அதாவது மறுமுனை ரவுட்டர், போய்விட்டது என்று ஓஎஸ்பிஎஃப் முடிவுசெய்ய அரை நிமிடத்துக்கு மேல் ஆனது, அதுவரை டிராஃபிக் முழுவதும் செத்த லைனிலேயே போய் விழுந்தது. ஓடிக்கொண்டிருந்த குரல் அழைப்புகள் எல்லாம் அறுந்துபோயின. ஓஎஸ்பிஎஃப் 'உயிரோடு இருக்கிறேன்' என்று அனுப்பும் ஹலோ பாக்கெட்டின் டைமரைக் குறைத்தால் போதுமா, பிஎஃப்டி (மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று வேகமாகப் பார்க்கும் தனிப் புரோட்டோகால்) போட வேண்டுமா?

பதில் 1:
பிஎஃப்டி போடுங்கள். உங்கள் போர்ட்டுக்கு ஒளி வருவது மறுமுனை ரவுட்டரிலிருந்து அல்ல, பக்கத்தில் இருக்கும் சேவை நிறுவனத்தின் சுவிட்சிலிருந்து. அது உயிரோடு இருக்கும்வரை இன்டர்ஃபேஸ் அப்தான். மறுமுனை போனதைக் கண்டுபிடிக்க ஓஎஸ்பிஎஃப்பின் ஹலோ ஒன்றுதான் மிச்சம். இந்த வகை லைனில் அதன் வழக்கமான கணக்கு 10 விநாடிக்கு ஒரு ஹலோ, 40 விநாடி சத்தமில்லை என்றால் நெய்பர் போச்சு. கடைசி ஹலோ எப்போது வந்தது என்பதைப் பொறுத்து 30 முதல் 40 விநாடி இருட்டு.

ஹலோவைக் குறைக்கலாம்தான். ஆனால் அது ரவுட்டிங் புரோட்டோகாலின் வேலை, சிபியு மேல் விழும். நாளைக்கு அதே லைனில் பிஜிபி என்ற இன்னொரு ரவுட்டிங் புரோட்டோகாலை ஓட்டினால் அதற்குத் தனி டைமர், அதிலும் ஹோல்ட் டைமை (சத்தமில்லாமல் காத்திருக்கும் நேரத்தை) 3 விநாடிக்குக் கீழே இறக்க முடியாது. பிஎஃப்டிக்கு ஒரே வேலை: அந்தப் பக்கம் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது. 24 பைட் பாக்கெட், யுடிபி போர்ட் எண் 3784. விழுந்தால் மேலே இருக்கும் எல்லாப் புரோட்டோகாலுக்கும் ஒரே நேரத்தில் சொல்லிவிடும். 2010-இல் வந்த ஆர்எஃப்சி 5880, 5881 என்ற இணையத் தர ஆவணங்களில் விவரம் இருக்கிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் ஒருவழி அறுப்பு. இரு முனை ரவுட்டர்கள் ஏ, பி; ஏ-யிலிருந்து பி-க்குப் போகும் இழை மட்டும் அறுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பி-க்குப் பாக்கெட் வரவில்லை, நேரம் தீர்ந்ததும் பி தன் நிலையை டவுன் என்று மாற்றும். ஆனால் அனுப்புவதை நிறுத்தாது. அதன் பாக்கெட்டில் இப்போது 'டவுன்' என்று இருக்கும், காரணக் குறியீடு 1, அதாவது கண்டறியும் நேரம் தீர்ந்தது. எதிர்த்திசை நன்றாக இருப்பதால் அது ஏ-யைச் சேரும். ஏ-யும் உடனே விழும், காரணம் 3: நெய்பர் சொன்னது. இரு பக்கமும் ஒத்துப்போய்விடும். எந்தத் திசை செத்தது என்பதும் அந்தக் குறியீட்டிலேயே தெரியும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி, ஆனால் உடனே 50 மில்லி விநாடி, மூன்று தவறல் (50 மில்லி விநாடிக்கு ஒரு பாக்கெட், தொடர்ந்து மூன்று வராவிட்டால் லைன் போச்சு) என்று போட்டுவிடாதீர்கள். பல ரவுட்டர்களில் பிஎஃப்டி லைன் கார்டில் (போர்ட்டுகள் இருக்கும் அட்டையில்) ஓடும், சிலவற்றில் சிபியுவில்தான். சிபியுவில் ஓடினால், வேறு வேலையில் அது திணறும்போது லைன் நன்றாக இருந்தும் பிஎஃப்டி செஷன் (இரு முனைக்கும் நடுவே ஓடும் அந்தப் பரிசோதனை) விழும். அப்புறம், சேவை நிறுவனத்துக்குள்ளேயே மாற்றுப் பாதைக்குத் தாவும் ஏற்பாடு இருக்கலாம். அவர்கள் தாவி முடிப்பதற்குள் நீங்களும் தாவினால் வீண் குழப்பம். 300 மில்லி விநாடி, மூன்று தவறல் என்று தொடங்குங்கள். 900 மில்லி விநாடியில் தெரிந்துவிடும்.

ஒன்று கவனியுங்கள்: நேரம் இரு பக்கமும் பேசித் தீர்மானிப்பது. நீங்கள் 300-க்கு ஒன்று அனுப்பத் தயார், மறுமுனை 500-க்கு ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 500-தான் நிற்கும். அந்தத் திசையில் கண்டுபிடிக்க ஒன்றரை விநாடி ஆகும். எனவே இரு முனையிலும் பேசி முடிந்த மதிப்பைப் பாருங்கள், கன்ஃபிகரேஷனில் எழுதியதை நம்ப வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. 300, மூன்று தவறல் என்றே போட்டேன். நேற்று இரவு செஷன் ஒருமுறை விழுந்தது, ஒரு விநாடிக்குள் மாற்று லைனுக்குப் போய்விட்டது, யாருக்கும் தெரியவில்லை. எங்கள் பக்கம் காரணம் 3, மறுமுனையில் 1. அப்படியானால் நாங்கள் அனுப்பும் திசைதானே பழுது?

பதில் 1:
ஆமாம், நீங்கள் அனுப்பியது அங்கே போய்ச் சேரவில்லை. நேரத்தோடு இரு பக்க லாக்கையும் சேர்த்துச் சேவை நிறுவனத்திடம் கொடுங்கள், அந்தத் திசையின் ஒளி அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன் உங்கள் போர்ட்டின் அனுப்பும் ஒளி அளவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.