ரீபூட்டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? (சூப்பர்மேன் பாடக்குறிப்புக்காக)

ப.தே., திருச்சி

அனைவருக்கும் வணக்கம்.

காட்சி ஊடக மாணவர்களுக்குத் தமிழ்வழியில் ஒரு விருப்பப்பாடம் நடத்துகிறேன். பழைய நாயகன் ஒருவன் காலத்துக்குக் காலம் எப்படி வேறு ஆளாகிறான் என்பதைச் சூப்பர்மேனை வைத்துச் சொல்லித்தர வேண்டும். திங்கட்கிழமை பாடக்குறிப்பு அச்சுக்குப் போகிறது. பாத்திரப்படைப்பு, தழுவல் என்ற சொற்கள் கைவசம் இருக்கின்றன. பழைய கதையைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும் ரீபூட்டுக்குத்தான் சொல் அகப்படவில்லை.

'மறுதொடக்கம்' என்று எழுதிப் பார்த்தேன். மாணவர்கள் கணினியை அணைத்துப் போடுவதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அணைத்துப் போட்ட கணினி பழையபடியேதான் எழுந்திருக்கும். சூப்பர்மேன் அப்படி எழுவதில்லையே! 1938இல் ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் படைத்தவன் முரடன். முதல் கதையிலேயே நள்ளிரவில் ஆளுநர் வீட்டு இரும்புக் கதவைப் பிய்த்துக்கொண்டு உள்ளே போகிறான், தவறாக மரண தண்டனைக்கு அனுப்பப்படும் ஒரு பெண்ணைக் காப்பாற்ற. மனைவியை அடிப்பவனைச் சுவரில் மோதுகிறான். அரசியல் தரகன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு தொலைபேசிக் கம்பிகள் மேல் ஓடுகிறான். பறக்க வராது, தாவத்தான் வரும். நாற்பது ஆண்டு கழித்துத் திரையில் வந்த கிறிஸ்டபர் ரீவ் பூனையை மரத்திலிருந்து இறக்கிக் கொடுக்கும் கனவான். அதே பெயர், அதே உடை, ஆள் மட்டும் வேறு. இந்த மாற்றத்தைச் சுட்டும் சொல் வேண்டும்.

அ.சு., கும்பகோணம்

அன்புள்ள அம்மா, இதற்குப் புதுச்சொல் தேடி அலைய வேண்டியதில்லை. இலக்கணம் எடுத்துவைத்திருக்கிறது: *திரிபு*. 'தோன்றல் திரிதல் கெடுதல் விகாரம்' என்று நன்னூலார் மூன்றாக வகுத்தார். உங்கள் சூப்பர்மேனில் மூன்றும் உண்டு. முதலில் இல்லாத பறத்தல் பின்னால் வந்தது, அது தோன்றல். சேரியை இடித்தாவது அரசை வீடு கட்ட வைத்த அந்த ஆரம்பக் கோபம் சில ஆண்டுகளில் காணாமல் போனது, அது கெடுதல். கிளார்க் கென்ட் என்ற செய்தியாளன் ஒருகாலத்தில் வேடமாக இருந்து பின்னால் அவனே மெய்யான ஆளாகிவிட்டான் என்கிறார்கள், அது திரிதல். ஆக மொத்தத்தில் 'குணத்திரிபு' எனலாம். புணர்ச்சி விதிகளைக் கொண்டே ஒவ்வொரு மாற்றத்தையும் வகைப்படுத்தலாம். நிலைமொழி 1938, வருமொழி அந்தந்தக் காலம். இயல்பு புணர்ச்சியும் உண்டு: மார்பிலுள்ள சின்னம் அன்றிலிருந்து இன்றுவரை நிற்கிறது.

ரா.கா., சென்னை

ஐயா, நிலைமொழி வருமொழி ஒப்பீடு அருமை. வகுப்பில் கட்டாயம் சொல்லலாம். ஆனால் 'திரிபு' இன்று நல்ல சொல்லாக இல்லை. வரலாற்றுத் திரிபு, செய்தித் திரிபு என்றுதான் காதில் விழுகிறது. குணத்திரிபு என்றால் பின்னால் எழுதியவன் கெடுத்துவிட்டான் என்ற தீர்ப்பு சொல்லுக்குள்ளேயே வந்துவிடும்.

*மறுவார்ப்பு* என்று வைக்கலாமா? நான் படக்கதைகள் மொழிபெயர்ப்பவன், ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 1978 படத்தில் கிளார்க்கின் சக செய்தியாளர் லோயிஸ் வீட்டில் ஒரு காட்சி. அவள் அடுத்த அறையில் இருக்கிறாள். கிளார்க் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுகிறான். கூன் நிமிர்கிறது, தோள் விரிகிறது, குரல் இறங்குகிறது. உண்மையைச் சொல்லிவிடப் போகிறான். அடுத்த நொடி மனம் மாறி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழையபடி குறுகிப் போகிறான். ஒரே ஷாட்டில் இரண்டு ஆள். கிளார்க் என்பது போர்வை என்ற படைப்புக்கு இதைவிடச் சான்று வேண்டாம். 1986இல் ஜான் பைர்ன் ஆறு இதழ்களில் கதையை முதலிலிருந்து எழுதியபோது இதை அப்படியே தலைகீழாக்கினார். பள்ளியில் கால்பந்து நட்சத்திரமாக இருந்த, தன்னம்பிக்கையுள்ள கிளார்க்தான் மெய்யான ஆள், சூப்பர்மேன் அவன் போட்டுக்கொள்ளும் வேலை உடுப்பு. வளர்த்த பெற்றோரும் உயிரோடு இருக்கிறார்கள். இதைத் திரிபு என்று எப்படிச் சொல்வது? உருக்கி வேறு அச்சில் ஊற்றியிருக்கிறார்.

கு.ந., யாழ்ப்பாணம்

வணக்கம். வார்ப்பு நல்ல சொல். 'மறு' என்ற முன்னொட்டுத்தான் எனக்கு இடிக்கிறது. நிலவில் உள்ள களங்கமும் மறுதான், மாட்டேன் என்பதும் மறுதான். இங்கே நாங்கள் மீள்சுழற்சி, மீள்பதிவு என்றே எழுதிப் பழகியவர்கள். *மீள்வார்ப்பு* என்றால் ஒரு பிழையும் வராது.

ரா.கா., சென்னை

அண்ணா, 'மீள்' என்றால் திரும்பி வருதல் அல்லவா? மீட்சி, மீட்டல் எல்லாம் பழைய நிலைக்குப் போவதைத்தான் சொல்கின்றன. நாம் சொல்ல வருவது அதற்கு நேர்மாறு. மறுமணம், மறுபதிப்பு, மறுவாழ்வு இவற்றில் யாரும் களங்கத்தைப் பார்ப்பதில்லையே.

த.அ., கோவை

குணம் வடசொல். 'இயல்பு' இருக்கக் குணம் எதற்கு? அதுமட்டுமில்லை, சூப்பர்மேன் என்ற பெயரையே 'மீமாந்தன்' என்று எழுத வேண்டும். மெய்யியலாளர் நீட்சேயின் கருத்துக்கு நாம் அப்படித்தானே சொல்கிறோம். சீகலும் ஷூஸ்டரும் 1933இல் அந்தப் பெயரில் முதலில் எழுதிய கதையில் அவன் மொட்டைத்தலை வில்லன், உலகை ஆள நினைப்பவன். பிறகு அவர்களே அவனை நல்லவனாக்கினார்கள். ஆக, முதல் மாற்றத்தைச் செய்தவர்கள் படைத்தவர்களே. மூலம், தழுவல் என்று பிரிப்பதே இங்கே சரிப்படாது.

அ.சு., கும்பகோணம்

'குணம்நாடிக் குற்றமும் நாடி' என்று வள்ளுவர் ஆண்ட சொல்லை விலக்க எனக்கு மனமில்லை. பெயர்ச்சொல்லை மொழிபெயர்க்கக் கூடாது என்பதும் என் கருத்து. கம்பர் இராமனை இராமன் என்றேதான் எழுதினார், வடவெழுத்தை மட்டும் நீக்கினார்.

கம்பரைச் சொன்னதும் நினைவுக்கு வருகிறது. வான்மீகத்தில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிச் செல்கிறான். கம்பர் அதற்கு ஒப்பவில்லை. பர்ணசாலையோடு நிலத்தைப் பெயர்த்து எடுத்துப் போகச் செய்தார். கதை அதேதான். ஆனால் இராவணனும் வேறு, சீதையைப் பற்றிய கம்பரின் எண்ணமும் வேறு. இந்த வகைக்கு நன்னூலில் பெயரே இருக்கிறது: வழிநூல். 'முன்னோர் நூலின் முடிபு ஒருங்கு ஒத்துப் பின்னோன் வேண்டும் விகற்பம் கூறி அழியா மரபினது'. 'பின்னோன் வேண்டும் விகற்பம்' என்ற மூன்று சொற்களில் நீங்கள் கேட்பது முழுக்க அடங்கியிருக்கிறது. திரிபு பிடிக்கவில்லை என்றால் *விகற்பம்* என்று வையுங்கள்.

த.அ., கோவை

விகற்பமும் வடசொல்தான் ஐயா.

ப.தே., திருச்சி

விகற்பம் என்றால் என் மாணவர்கள் விகற்பமாகப் பேசுவதை நினைப்பார்கள். வழிநூல் கருத்தை முன்னுரையில் கட்டாயம் சேர்க்கிறேன் ஐயா, நன்றி. ஆனால் 'முடிபு ஒருங்கு ஒத்து' என்பதுதான் இங்கே பொருந்துமா என்று தெரியவில்லை. முடிபே மாறுகிறது.

வளர்ப்புத் தந்தை ஜொனதன் கென்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1978 படத்தில் அவர் மகனிடம், நீ இங்கே வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது என்கிறார். பிறகு மாரடைப்பில் சாகிறார். இத்தனை சக்தி இருந்தும் அப்பாவைக் காப்பாற்ற முடியவில்லையே என்று மகன் அழுகிறான். 2013 படத்தில் பள்ளிப் பேருந்து ஆற்றில் விழ, சிறுவன் கிளார்க் அதைத் தள்ளிக் கரையேற்றுகிறான். தந்தை கடிந்துகொள்கிறார். பிள்ளைகளைச் சாகவிட்டிருக்க வேண்டுமா என்று கேட்டால், 'ஒருவேளை' என்கிறார். கடைசியில் சூறாவளி வரும்போது, வராதே என்று கையைக் காட்டித் தடுத்துவிட்டுச் சாகிறார். முன்னவர் மகனால் காப்பாற்ற முடியாமல் போனவர், பின்னவர் காப்பாற்ற விடாமல் போனவர். இப்படிப்பட்டவரிடம் வளர்ந்தவன் எப்படி அதே சூப்பர்மேனாக இருக்க முடியும்? நாயகனைத் தொடாமல் தந்தையின் ஒரு சொல்லை மாற்றியே நாயகனை மாற்றிவிட்டார்கள். மாணவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான் என்பதாலேயே சொல் சரியாக அமைய வேண்டும் என்று இவ்வளவு கேட்கிறேன்.

சி.மு., பெங்களூரு

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ரீபூட்டையும் ரெட்கானையும் கலந்து பேசுகிறோமோ? பழைய கதையைத் துடைத்துவிட்டுத் தொடங்குவது ரீபூட். பழைய கதையை அப்படியே வைத்துக்கொண்டு, 'உண்மையில் நடந்தது இது' என்று பின்னால் ஒன்றை நுழைப்பது ரெட்கான். இரண்டாவதற்கு நம் பதிப்பாசிரியர்கள் சொல் தந்துவிட்டார்கள்: *இடைச்செருகல்*.

2025 படத்தில் இது கதைக்குள்ளேயே நடக்கிறது. பிறந்த கோளான கிரிப்டானில் பெற்றோர் விட்டுப்போன செய்தியின் முதல் பாதியை மட்டும் கேட்டு வளர்ந்தவன், மக்களுக்கு உதவு என்பதே தன் கடமை என்று நம்பியிருக்கிறான். சிதைந்திருந்த பின்பாதி மீட்கப்பட்டதும், பூமியை ஆளச் சொல்லித்தான் அனுப்பினார்கள் என்று தெரிகிறது. 1978இல் மார்லன் பிராண்டோ நடித்த அந்த மேன்மையான தந்தை ஒரே வாக்கியத்தில் கவிழ்ந்துபோகிறார். மகன் மட்டும் குணம் மாறவில்லை. ராட்சத விலங்கோடு சண்டை நடக்கும்போதும் ஒரு அணிலைத் தூக்கி ஓரமாக விட்டவன்தானே. பெற்றவர் சொன்னதால் அவன் நல்லவனாகவில்லை, கான்சஸ் பண்ணையில் வளர்த்தவர்களால் ஆனான் என்று படம் சொல்கிறது.

அ.சு., கும்பகோணம்

இடைச்செருகல் என்பது பிறர் பாட்டை மூலநூலுக்குள் நுழைப்பது. உரிமையுள்ளவனே செய்தால் அது செருகல் ஆகாது.

சி.மு., பெங்களூரு

சூப்பர்மேனை வலுவிழக்கச் செய்யும் கிரிப்டோனைட் கல்லை நுழைத்தது 1943இல் வானொலித் தொடர் ஐயா. படக்கதைக்கு அது பின்னால்தான் வந்தது. உரிமை யாரிடம் இருந்தால் என்ன, நூலுக்கு வெளியிலிருந்துதானே வந்தது?

ப.தே., திருச்சி

அச்சகத்தார் கேட்டுவிட்டார்கள். ரீபூட்டுக்கு *மறுவார்ப்பு* என்று போட்டு அனுப்பிவிட்டேன். 'ஒரு பாத்திரத்தின் பெயரும் அடையாளமும் நிற்க, குணமும் நோக்கமும் புதிதாக அமைக்கப்படுதல்' என்று விளக்கம் கொடுத்திருக்கிறேன். ரெட்கானை இப்போதைக்கு ரெட்கான் என்றே விட்டுவிட்டேன். அடுத்த பதிப்புக்குள் அதற்கும் ஒன்று பார்ப்போம். எல்லோருக்கும் நன்றி.

த.அ., கோவை

ஒப்புகிறேன், வேறு வழியில்லை. மீமாந்தனைக் கைவிடவில்லை.

அ.சு., கும்பகோணம்

அம்மா, அச்சுக்குப் போனது போகட்டும். என் மறுப்பைப் பதிவு செய்துவைக்கிறேன். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளை வார்த்த பிறகு மண் அச்சை உடைத்துவிடுவார்கள். ஒன்றின் சுவடு அடுத்ததில் இருக்காது. வார்ப்பு என்றாலே அந்த முழுத் துண்டிப்புதான்.

உங்கள் நாயகன் அப்படித் துண்டிக்கப்படவே இல்லை. 2013 படத்தில் அவன் கிரிப்டான் வில்லன் ஜெனரல் ஸாட்டின் கழுத்தை முறித்துக் கொன்றதும், இவன் சூப்பர்மேனே இல்லை என்று பலர் கொதித்தார்கள். பேரன் தேடிக் கொடுத்த பழைய இதழ்களைப் பார்த்தேன். அதே ஜான் பைர்ன் 1988இல் எழுதிய கதையில், ஸாட் உட்பட மூன்று குற்றவாளிகளைக் கிரிப்டோனைட்டால் கொல்கிறான். அந்தக் குற்ற உணர்ச்சி தாங்காமல் பூமியை விட்டே போய்விடுகிறான். தம்பி ரா.கா. 1986இல் உருக்கி ஊற்றியதாகச் சொன்ன ஆள்தான் இவன். 2013இல் வந்தவன் புதிய வார்ப்பா, 1988இன் திரிபா? என் சொல்லை வைத்தால் இதற்கு விடை சொல்ல முடியும். உங்கள் விளக்கத்தில் இவனுக்கு எங்கே இடம் என்பதை மாணவர்கள் கேட்டால் எனக்கு எழுதுங்கள்.