சேற்று மின்கலம் 0.62 வோல்ட் காட்டுகிறது, ஆனால் எல்.இ.டி. எரியவில்லை

களிமண் (கேள்வி):

சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் வெளிவிடும் எலக்ட்ரானை மின்சாரமாகப் பெற முயல்கிறேன். கண்ணாடித் தொட்டியில் குளத்துச் சேறு நிரப்பி, அடியில் ஒரு கார்பன் ஃபெல்ட் (கரி இழைகளால் ஆன கம்பளம் போன்ற துணி) துண்டைப் புதைத்திருக்கிறேன். மேலே நிற்கும் நீரில் இன்னொரு துண்டு. இரண்டிலும் செப்புக் கம்பி சுற்றியிருக்கிறேன். தொடக்கத்தில் மல்டிமீட்டரில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மெல்ல மெல்ல ஏறி இப்போது 0.62 வோல்ட்டில் நிற்கிறது. 1000 ஓம் ரெசிஸ்டரை இணைத்தால் 0.11 வோல்ட்டுக்கு இறங்கிவிடுகிறது. அதே தொட்டியில் மேலும் இரண்டு ஜோடிகளை வைத்துத் தொடராக இணைத்தேன். 1.8 வோல்ட்டை எதிர்பார்த்தேன், 0.7-ஐக்கூடத் தாண்டவில்லை. சிவப்பு எல்.இ.டி. மினுங்கவே இல்லை. பாக்டீரியாக்கள் வேலை செய்கின்றனவா, இல்லையா?

கரிப்படலம்:

செய்கின்றன என்றே நினைக்கிறேன். 0.62 என்ற எண்ணைப் பார்த்து இதைச் சொல்லவில்லை. அது மெல்ல ஏறியது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. உலோக அரிப்பால் வரும் மின்னழுத்தம் பெரும்பாலும் கம்பியைச் செருகியவுடனே தெரிந்துவிடும். பாக்டீரியா இழைகளில் ஒட்டி, பெருகி, படலமாகப் படர நாளாகும்.

ஆனாலும் சேற்றுக்குள் இருக்கும் அந்தச் செப்பு உறுத்துகிறது. காற்றுப் புகாத சேற்றில் உண்டாகும் சல்பைடு செப்போடு வினைபுரிந்து தன் பங்குக்கு ஒரு மின்னழுத்தத்தைக் கொடுக்கும். கரையும் செப்பு பாக்டீரியாவுக்கு நஞ்சும்கூட. டைட்டானியம் கம்பி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் துருப்பிடிக்காத எஃகு. இரண்டும் கிடைக்காவிட்டால் ஃபெல்ட்டிலேயே நீளமான வால் விட்டு வெட்டி, அந்த வாலை நீர்மட்டத்துக்கு மேலே கொண்டுவந்து அங்கே செப்பை இணையுங்கள்.

சந்தேகத்தை அடியோடு தீர்க்க ஒரு வழி இருக்கிறது. அதே சேற்றில் கொஞ்சம் எடுத்து பிரஷர் குக்கரில் ஒரு மணி நேரம் வேகவையுங்கள். வித்துகளாகப் பதுங்கியிருப்பவை பிழைத்துவிடும் என்பதால் மறுநாளும் ஒரு முறை வேகவையுங்கள். பிறகு அதே அளவு ஃபெல்ட், அதே கம்பி கொண்டு இன்னொரு தொட்டி அமையுங்கள். அதிலும் 1000 ஓமில் 0.11 வோல்ட் நின்றால் அது பாக்டீரியாவின் மின்சாரம் அல்ல. இந்த ஒப்பீடு இல்லாத எந்தச் சேற்று மின்கலத்தையும் நான் நம்புவதில்லை.

இனி எல்.இ.டி. விஷயம். 1000 ஓமில் 0.11 வோல்ட் என்றால் 0.11 மில்லிஆம்பியர், அதாவது 12 மைக்ரோவாட். மீதி 0.51 வோல்ட் கலத்துக்குள்ளேயே தொலைகிறது. அப்படியென்றால் உள்மின்தடை ஏறத்தாழ 4600 ஓம். வெளியே அதே அளவு மின்தடையை வைத்தால்தான் அதிகபட்சத் திறன் கிடைக்கும், அதுவும் 20 மைக்ரோவாட்தான். சிவப்பு எல்.இ.டி.க்கு 1.8 வோல்ட்டில் 2 மில்லிஆம்பியர் கொடுத்தால் 3600 மைக்ரோவாட் வேண்டும். எனவே அது தொடர்ந்து எரியாது. ஆனால் மினுங்க வைக்கலாம். 0.3 வோல்ட்டிலேயே வேலை செய்து மின்னழுத்தத்தை உயர்த்தும் பூஸ்டர் சர்க்யூட் ஒன்றை வைத்து மின்தேக்கியில் சேமியுங்கள். பாதி வீணானாலும் சுமார் 36 விநாடிக்கு ஒரு முறை, விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் எரியும்.

தொடர் இணைப்பு ஒரே தொட்டியில் பலிக்காது. சேறும் நீரும் எல்லா ஜோடிகளுக்கும் பொது என்பதால் அயனிகள் அதன் வழியாகவே குறுக்குப் பாதையில் ஓடிவிடும். தனித்தனிப் பாத்திரங்கள் வேண்டும். அப்போதும் மூன்றில் நலிந்த கலத்தின் மின்னழுத்தம் சுமை ஏறும்போது தலைகீழாகப் புரண்டு, அங்குள்ள படலத்தைக் கெடுத்துவிடக்கூடும். ஒரே தொட்டி என்றால் பக்க இணைப்பு போதும்.

நீர்த்துளி:

20 மைக்ரோவாட்டுக்கா இத்தனை பாடு? விரல் நக அளவு சூரியத்தகடு இதைவிட எவ்வளவோ கூடுதலாகக் கொடுக்குமே.

கரிப்படலம்:

கொடுக்கும், வெயில் இருந்தால். ஆற்றின் அடியில் வெயில் இல்லை. 2008-இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் இதே தத்துவத்தில் ஒரு வானிலை மிதவையை இயக்கிக் காட்டினார்கள். சராசரியாக 18 மில்லிவாட் செலவில் அது காற்றின் வெப்பநிலை, அழுத்தம், ஈரப்பதம், நீரின் வெப்பநிலை ஆகியவற்றை அளந்து ரேடியோவில் அனுப்பியது. மின்சாரம் அடிவண்டலிலிருந்து வந்தது.

கழிவுநீரையும் எண்ணிப் பாருங்கள். சுத்திகரிப்பு நிலையத்தில் காற்றை ஊதுவதற்கே பெரும் மின்சாரம் போகிறது. அந்த அழுக்கிலேயே ஆற்றல் இருக்கிறது. அதைத் தின்னும் பாக்டீரியாவிடமிருந்து எலக்ட்ரானை வாங்கிக்கொண்டால் ஊதும் செலவு குறையும், மிஞ்சும் கசடும் குறையும். மின்சாரம் அங்கே உபரி வரவுதான். என்னைக் கேட்டால் இந்தத் துறையை வாட் கணக்கை மட்டும் வைத்து எடைபோடுவது பெரிய அநியாயம்.

1911-இல் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாவரவியலாளர் எம்.சி. பாட்டர் ஈஸ்ட்டிலிருந்து மின்னோட்டம் பெற்றார். எலக்ட்ரான் எப்படிச் செல்லை விட்டு வெளியே வருகிறது என்பது தெளிவாகப் பல பத்தாண்டுகள் ஆயின. சேற்றில் ஆக்சிஜன் கிடையாது. ஜியோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் அங்கே இரும்பு ஆக்சைடுக்கு எலக்ட்ரானைத் தள்ளிவிட்டுத்தான் சுவாசிக்கின்றன. நாம் இரும்பு இருக்கும் இடத்தில் கார்பனை வைக்கிறோம், அவ்வளவுதான். அசிடேட் (வினிகர் அமிலத்தின் உப்பு) ஊட்டி வளர்த்த ஜியோபாக்டர் படலத்தை ஒரு முறை நேரில் பாருங்கள். கரிய ஃபெல்ட்டின் மேல் இளஞ்சிவப்பாகப் பளபளக்கும். எலக்ட்ரானைக் கடத்தும் சைட்டோகுரோம் புரதங்களில் உள்ள, இரும்பு கொண்ட ஹீம் என்ற மூலக்கூறு தரும் நிறம் அது. நம் ரத்தத்தின் சிவப்புக்கும் ஹீம்தான் காரணம். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

களிமண்:

மிக்க நன்றி. மேல் ஃபெல்ட் முழுதும் மூழ்கித்தான் இருக்கிறது. அதை வெளியே எடுத்துவிடலாமா?

கரிப்படலம்:

முழுதாக எடுக்க வேண்டாம், சுற்று அறுந்துவிடும். பாதி நனைந்தும் பாதி காற்றிலும் இருக்கும்படி மிதக்க விடுங்கள். 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் 8 மில்லிகிராம்தான், ஒரு லிட்டர் காற்றில் அதைப் போல முப்பது மடங்குக்கு மேல் இருக்கிறது. இத்தகைய கலங்களில் பெரும்பாலும் கேத்தோடுதான், அதாவது ஆக்சிஜன் எலக்ட்ரானை வாங்கும் மேல் ஃபெல்ட்தான், நொண்டும், பாக்டீரியாவைக் குறை சொல்லிப் பயனில்லை. ஃபெல்ட்டின் மேல் கொஞ்சம் ஆக்டிவேட்டட் கார்பன் பொடியைப் பூசினால் இன்னும் நல்லது.

இதைச் செய்துவிட்டு 4600 ஓமுக்கு அருகில் ஒரு ரெசிஸ்டரை இணைத்துக் கழற்றாமல் விட்டுவையுங்கள். திறந்த சுற்றில் படலத்துக்கு எலக்ட்ரானைக் கொடுக்க இடமில்லை. சுமை இருந்தால்தான் அது தடித்து வளரும். இரண்டு வாரம் கழித்து அதே 1000 ஓமில் எத்தனை வோல்ட் நிற்கிறது என்று இங்கே எழுதுங்கள். வேகவைத்த சேறு காட்டும் வோல்ட்டையும் பக்கத்திலேயே குறிப்பிடுங்கள்.