பசால்ட் (எரிமலைப் பாறை) மாதிரிகளில் எல்.ஓ.ஐ. (சுடும்போது குறையும் எடை) 4 சதவீதத்தைத் தாண்டினால் எந்தத் தனிமங்களை நம்புவது?

கருந்தூள்:
வணக்கம். தடிமனான ஒரே பசால்ட் ஓட்டத்தின் அடியிலிருந்து உச்சிவரை எடுத்த மாதிரிகளுக்கு எக்ஸ்.ஆர்.எஃப்., ஐ.சி.பி.-எம்.எஸ். (தனிமங்களின் அளவைக் காட்டும் இரு முறைகள்) முடிவுகள் வந்துவிட்டன. சில இடங்களில் தடுக்கிறது.

உச்சிப் பகுதி மாதிரிகளில் எல்.ஓ.ஐ. 3.8 முதல் 4.6% வரை. டி.ஏ.எஸ். வரைபடத்தில் (சிலிக்காவுக்கு எதிராகச் சோடியம், பொட்டாசியம் ஆக்சைடுகளின் கூட்டுத்தொகையை வரைந்து பாறைக்குப் பெயர் வைப்பது) இவற்றில் பாதி, அவ்விரண்டும் கூடிய டிராக்கிபசால்ட் கட்டத்துக்குள் போய்விடுகின்றன. நடுப்பகுதி மாதிரிகள் எல்லாம் பசால்ட் கட்டத்தில்தான். நடுப்பகுதியில் ஒன்றுக்கு எல்.ஓ.ஐ. −0.4% என்று வருகிறது. எல்லா மாதிரிகளிலும் நையோபியம்/டான்டலம் விகிதம் 9-ஐ ஒட்டியே நிற்கிறது; அரைத்தது டங்ஸ்டன் கார்பைடு ஆலையில். கடைசியாக, அடிப்பகுதி மாதிரி ஒன்றில் மெக்னீசியம் ஆக்சைடு 14%. அதை மேன்டிலிலிருந்து (பூமி மேலோட்டுக்கு அடியிலுள்ள அடுக்கு) மாறாமல் வந்த முதன்மை உருகல் என்று எழுதலாமா?

வெண்சூடு:
எதிர்க்குறி எல்.ஓ.ஐ. பிழையல்ல, நல்ல செய்தி. 1000 பாகை செல்சியஸில் காற்றில் சுடும்போது நீரும் கரியமில வாயுவும் வெளியேறும். அதே நேரம் ஃபெரஸ் இரும்பு ஆக்சிஜனை ஏற்று ஃபெரிக் ஆகும். ஃபெரஸ் ஆக்சைடின் எடையில் 11.1% கூடும். பாறையில் அது 9% இருந்தால் எடை 1.0% ஏறுகிறது. ஆகவே −0.4% காட்டிய மாதிரியில் உண்மையான ஆவிப்பொருள் ஏறக்குறைய 0.6%. உங்கள் தொகுப்பிலேயே புதுமை குலையாத பாறை அதுதான். டைட்ரேஷனில் ஃபெரஸ் ஆக்சைடை அளந்து, எல்.ஓ.ஐ.யோடு அதன் 0.111 மடங்கைக் கூட்டிப் பாருங்கள். சுடுவதற்கு முன் தூளை 105 பாகையில் இரவு முழுக்க உலர்த்தாவிட்டால், ஒட்டியிருக்கும் ஈரமும் கணக்கில் ஏறிவிடும்.

அகேட்:
டான்டலம் ஆலையிலிருந்து வந்தது. டங்ஸ்டன் கார்பைடு பாத்திரம் டங்ஸ்டன், கோபால்ட், டான்டலம் மூன்றையும் தூளில் கலக்கும். நையோபியத்திலும் சிறிது சேரலாம். மேன்டிலிலிருந்து வரும் பசால்ட்டில் நையோபியம்/டான்டலம் விகிதம் பெரும்பாலும் 15 முதல் 17-க்குள் இருக்கும். டங்ஸ்டனையும் கோபால்ட்டையும் பார்த்தால் அவையும் ஏறியிருக்கும். கணக்குப் போட்டுத் திருத்த முயலாதீர்கள், ஒவ்வொரு மாதிரியிலும் தேய்மானம் வேறு. மீதமுள்ள சில்லுகளை அகேட் (கடினமான சிலிக்காக் கல்) பாத்திரத்தில் அரைத்து இந்தத் தனிமங்களை மட்டும் மறுபடி அளந்தால் போதும். இரும்புப் பாத்திரம் மாற்று ஆகாது. குரோமியம், மாங்கனீசு, இரும்பு கலந்துவிடும். பி.எச்.வி.ஓ.-2 தரப்பாறையை (அளவுகள் முன்பே தெரிந்த ஒப்பீட்டுப் பசால்ட்) ஒவ்வொரு தொகுதியிலும் ஓட்டுங்கள். ஆனால் அது தூளாகவே வருவதால் ஆலைக் கலப்படத்தைக் காட்டிக்கொடுக்காது. அதைப் பிடிக்க, தூய குவார்ட்ஸைப் பாறை அரைத்த அதே பாத்திரத்தில் அரைத்து அளக்க வேண்டும்.

செலடோனைட்:
முக்கியமான சிக்கல் டிராக்கிபசால்ட்தான். ஒரே ஓட்டத்தின் உச்சி வேறு பாறையாகவும் நடு வேறு பாறையாகவும் இருக்கக் காரணமில்லை. உச்சியில் குமிழ்க்குழிகள் நிறைய. நீர் அவற்றின் வழியே இறங்கி ஜியோலைட், கால்சைட், களிமண் கனிமங்களை நிரப்புகிறது. செலடோனைட் என்ற பொட்டாசியக் கனிமம் உருவானால் பொட்டாசியமும் ருபீடியமும் ஏறும். கண்ணாடி களிமண்ணாக மாறும் இடத்தில் சோடியம் இறங்கலாம், ஏறவும் செய்யலாம். டி.ஏ.எஸ். வரைபடத்தின் நிற்கும் அச்சே சோடியமும் பொட்டாசியமும்தான் என்பதால், நீர் 2%-க்கோ கரியமில வாயு 0.5%-க்கோ மேல் உள்ள பாறைக்கு அதை நம்ப முடியாது. 100%-க்கு மறுகணக்கு செய்தாலும் ஏறிய பொட்டாசியம் இறங்கிவிடாது.

சோதனை எளிது. ஒவ்வொரு தனிமத்தையும் சிர்க்கோனியத்தால் வகுத்து, ஓட்டத்தின் உயரத்துக்கு எதிராக வரையுங்கள். டைட்டானியம், நையோபியம், இட்ரியம், தோரியம் நேர்கோடாக நின்று, பொட்டாசியம், ருபீடியம், பேரியம் உச்சியில் சிதறினால் விடை கிடைத்துவிட்டது. கால்சைட் நிரம்பிச் சிர்க்கோனியத்தின் அளவே நீர்த்துப்போனாலும் விகிதம் மாறாது. அதனால்தான் வெறும் செறிவை வரையக் கூடாது. பெயர் வைக்கச் சிர்க்கோனியம்/டைட்டானியம், நையோபியம்/இட்ரியம் வரைபடத்தைப் பயன்படுத்துங்கள். நையோபியம்/இட்ரியம் சுமார் 0.7-க்குக் கீழே என்றால் அது காரவகை பசால்ட் அல்ல. ஒரு எச்சரிக்கை: கரியமில வாயு மிகுந்த நீர் ஓடிய பாறையில் இட்ரியமும் அரிதாகவே இருந்தாலும் இடம்பெயரும்.

கருந்தூள்:
நன்றி. பொட்டாசியம்/சிர்க்கோனியம் உச்சியில் மூன்று மடங்குவரை சிதறுகிறது, டைட்டானியம்/சிர்க்கோனியம் அசையவில்லை. கால்சைட்டை அமிலத்தில் கரைத்துவிட்டு மறுபடி அளக்கலாமா?

செலடோனைட்:
முதன்மைத் தனிமங்களுக்கு வேண்டாம். நீர்த்த அசிட்டிக் அமிலம் கால்சைட்டோடு நில்லாமல் ஜியோலைட்டையும் தொடும். பிறகு கால்சியம், சோடியம் எங்கிருந்து போயின என்று சொல்ல முடியாது. ஸ்ட்ரான்ஷியம் ஐசோடோப்புக்கு என்றால் அமிலக் கழுவல் அவசியம். மற்றவற்றுக்கு, பாறையை 2–5 மி.மீ. சில்லுகளாக உடைத்து, உருப்பெருக்கியின் கீழ் வெள்ளை நிரப்பலோ பழுப்பு விளிம்போ உள்ள சில்லுகளைக் கையால் நீக்குங்கள். ரம்பம் பட்ட முகங்களைச் சிலிக்கன் கார்பைடு தாளால் தேய்த்து, சில்லுகளை அயனி நீக்கிய நீரில் அல்ட்ராசோனிக் தொட்டியில் நீர் தெளியும்வரை கழுவுங்கள்.

ஒலிவின்:
மெக்னீசியம் ஆக்சைடு 14% பற்றி யாரும் சொல்லவில்லை. ஓட்டத்தின் அடியில் இருப்பதாலேயே ஒலிவின் (மெக்னீசியம் மிகுந்த கனிமம்) படிகங்கள் தங்கிச் சேர்ந்திருக்குமோ என்று முதலில் பார்க்க வேண்டும். மைக்ரோபுரோபில் (எலக்ட்ரான் கற்றையால் சிறு புள்ளியை அளக்கும் கருவி) படிகங்களின் மையத்தை அளங்கள். ஒலிவினுக்கும் உருகலுக்கும் இடையே இரும்பு-மெக்னீசியப் பங்கீட்டு எண் சுமார் 0.30. முழுப்பாறையின் மெக்னீசிய எண் (மெக்னீசியம், ஃபெரஸ் இரும்பு இரண்டின் மொத்த மோல்களில் மெக்னீசியத்தின் சதவீதம்) 70 என்றால், அதோடு சமநிலையில் இருந்த ஒலிவின் ஃபார்ஸ்டரைட் (ஒலிவினில் அதே சதவீதம்) 88 அல்லது 89 ஆக இருக்க வேண்டும். மையங்கள் 82-தான் என்றால் அவற்றை வளர்த்த உருகலின் எண் வெறும் 58; மிச்சம் சேர்ந்த படிகங்கள். அப்போது முதன்மை உருகல் என்று எழுத முடியாது. மெக்னீசிய எண்ணுக்கு மொத்த இரும்பையும் ஃபெரஸாக எடுக்காதீர்கள். எண் தவறாக இறங்கும். அதற்கும் அந்த −0.4% மாதிரியில் அளக்கும் ஃபெரஸ் விகிதமே நல்ல தொடக்கம்.